அந்தப் பெட்டியில் இரண்டு டிஸ்க்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்பு வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் நின்று ஒரு கேம் விற்றேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கொன்சோலில் ஓடும் டிஸ்க். வாங்க வந்தது ஏ.எல். படிக்கிற ஒரு பொடியன், கூடவே அவனுடைய அம்மா. பேஸ்புக்கில் விலை பேசியதெல்லாம் அவன்தான், ஆனால் காசு அம்மாவின் கைப்பையில் இருந்தது. அவர் பெட்டியைத் திறந்து, டிஸ்க்கை வெளியே எடுத்து, வெயிலுக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அதே முகம்.

“ஏன் தம்பி ரெண்டு இருக்கு? ஒண்டு கொப்பியோ?”

கொப்பி இல்லை அன்ரி, கேம் 100 ஜிபிக்குக் கிட்ட வரும், ஒரு ப்ளூ-ரேயில் 50 ஜிபிதான் பிடிக்கும், அதனால் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று சொன்னேன். டேட்டா டிஸ்க் என்று எழுதியிருப்பதை முதலில் போட்டு எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு அதைத் தொடவே தேவையில்லை. பிளே டிஸ்க்கை மட்டும் ஒவ்வொரு முறை விளையாடும்போதும் போட வேண்டும்.

“அப்ப எல்லாத்தையும் உள்ளுக்க ஏத்தியாச்சு எண்டா பிறகு ஏன் இதைப் போடோணும்?”

பொடியன் வெட்கத்தில் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் என்னிடம் இதுவரைக்கும் கேம் வாங்கிய யாரும் இப்படிச் சரியான இடத்தில் கை வைத்ததில்லை. “அது வீட்டுத் திறப்பு மாதிரி அன்ரி, அது கையில இருந்தாத்தான் கதவு திறக்கும்” என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. 5,500 ரூபாய் எண்ணித் தந்தார். நான் இரண்டு வருடத்துக்கு முன்னர் தெஹிவளையில் இன்னொருவரிடம் 7,000க்கு எடுத்தது. ஆக 60, 70 மணித்தியாலம் குதிரை ஓட்டியதற்கு எனக்குச் செலவு 1,500 ரூபாய், இன்றைக்கு ஒரு கோழிக் கொத்தும் சோடாவும் எடுத்தாலே அது முடிந்துவிடும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தத் திறப்பு என்ற சொல் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் பொய் சொல்லிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். வரவர பெட்டிக்குள் திறப்பு மட்டும்தான் வருகிறது, வீடு எங்கேயோ இருக்கிறது, அந்த வீட்டை எப்போது இடிப்பார்கள் என்பதும் நம் கையில் இல்லை.

எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தது மஞ்சள் கெசட் போட்டு விளையாடும் சீனத்து டீவி கேம். கெசட் என்றுதான் சொல்வோம், ஆனால் உள்ளே நாடா எதுவும் இல்லை. ஒரு சின்னப் பலகை, அதில் ஒட்டியபடி ஒரு சிப். (அண்ணா ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டு அடி வாங்கினார், அதனால் தெரியும்.) மெஷின் அந்தச் சிப்பைத் தன்னுடைய நினைவகம் போலவே நேரடியாக வாசிக்கும், ஆகவே சுவிட்சைப் போட்ட உடனே கேம் வந்துவிடும், “லோடிங்” என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதுவோம். அந்த ஈரக்காற்று செப்புக் காலில் பட்டுக் கறள் பிடிக்கத்தான் உதவும் என்பது பிற்பாடு தெரிந்த விஷயம்.

சிப்பின் பிரச்சினை விலை. நின்டென்டோ 64 என்ற கொன்சோலில் வந்த மிகப் பெரிய கெசட்டே 64 எம்பிதான், அதே காலத்தில் ஒரு சீடியில் 650 எம்பி கொள்ளும், சீடியை அச்சடிக்கும் செலவும் அற்பம். ஃபைனல் ஃபான்டஸி 7 என்ற கேம் நின்டென்டோவை விட்டு பிளேஸ்டேஷனுக்குப் போய் 1997இல் மூன்று சீடியாக வந்ததற்கு இதுதான் பெரிய காரணம். அப்புறம் டிவிடி, 2006இல் பிஎஸ்3 உடன் ப்ளூ-ரே. ஆனால் டிஸ்க் பெருத்த அளவுக்கு வாசிக்கும் வேகம் கூடவில்லை. 2013இல் பிஎஸ்4 வந்தபோது எல்லாக் கேமையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித்தான் விளையாட வேண்டும் என்றாகிவிட்டது. அன்றிலிருந்து டிஸ்க் சாமான் கொண்டுவரும் லொறி மட்டும்தான். பிஎஸ்5இன் எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) ஒரு செக்கனுக்கு 5.5 ஜிபி வாசிக்கிறது, சுற்றும் தட்டு எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆகவே டிஸ்க்கிலிருந்தே கேம் ஓடிய காலம் திரும்பி வரப்போவதில்லை, அதற்காக நான் அழவும் மாட்டேன்.

டிஸ்க் என்றால் சாகாவரம் பெற்றது என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. அவர்கள் கொழும்பில் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருந்து பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் கேட் பிணைச்சல் இரண்டு வருடத்தில் உதிர்கிறது, அலுமாரிக்குள் வைத்த தோல் பெல்ட்டில் பூஞ்சணம் படர்கிறது. 2000களில் நாங்கள் எல்லாரும் விளையாடியது “அடிச்ச”, அதாவது கணினியில் பிரதி எடுத்த சீடிதான், பொய் சொல்லி என்ன பயன், ஒரிஜினல் விற்கும் கடையை நான் கண்டதே பெரியவனான பிறகு. பிளாஸ்டிக் உறையில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதித் தருவார்கள். அந்தப் பையைப் போன வருடம் எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், முப்பதில் பதினொன்று ஓடியது. அடிக்கிற சீடியில் தகவல் பதிவது ஒரு சாயப் பூச்சில், வெக்கைக்கும் வெளிச்சத்துக்கும் அது மங்கிப் போகும். தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க்கில் தகவல் பள்ளமும் மேடுமாகப் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கிறது, மேலே ஒரு அலுமினியப் படை. அது கூடக் காலம் நிற்கும், ஆனால் அந்தப் படைக்குள் காற்றுப் புகுந்தால் அதற்கும் முடிவுதான். என்னிடம் இருந்த இரண்டே இரண்டு ஒரிஜினல் பிஎஸ்2 டிஸ்க்கும் இன்னும் ஓடுகின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதைய சில டிஸ்க்குகளிலோ பழுதாகும் அளவுக்கு உள்ளே ஒன்றுமே இருப்பதில்லை. 2022இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது 70 எம்பி சொச்சம். 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் டிஸ்க்கில் 85 எம்பி. மிச்சம் எல்லாம் டவுன்லோட். 100 ஜிபி வரைக்கும் கொள்ளக்கூடிய வகைத் தட்டில் 85 எம்பி, காலி லொறி ஒன்று துறைமுகத்திலிருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்த மாதிரி. நின்டென்டோ இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டது. 2025 ஜூன் 5ஆம் திகதி வந்த ஸ்விட்ச் 2 கொன்சோலுக்குப் பல நிறுவனங்கள் “கேம்-கீ கார்ட்” என்ற பெயரில் கேம் விற்கின்றன. கார்டுக்குள் கேம் கிடையாது. கார்டைச் செருகினால் டவுன்லோட் செய்ய அனுமதி கிடைக்கும், அதற்குப் பிறகும் விளையாடும்போதெல்லாம் கார்ட் உள்ளே இருக்க வேண்டும். வெளிநாட்டு ரசிகர்கள் இதைக் கண்டபடி திட்டித் தீர்த்தார்கள். சைபர்பங்க் 2077ஐ 64 ஜிபி கார்டில் முழுதாகப் போட்டுக் கொடுக்க முடிகிறதே, மற்றவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார்கள். 64 ஜிபி கார்ட் விலை கூட, அவ்வளவுதான் கஷ்டம்.

எனக்கு அந்தக் கார்டில் அவ்வளவு கோபம் வரவில்லை. ஏனென்றால் அதை விற்கலாம். முடித்துவிட்டு வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் நின்று இன்னொருவர் கையில் கொடுக்கலாம். இங்கே எங்களுக்கு முதல் கேள்வி அதுதான். ஐம்பது வருடம் கழித்து அருங்காட்சியகத்தில் இது ஓடுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கவலை.

கணக்கைப் பாருங்கள். ஒரு புதுக் கேம் 70 டொலர், சிலது 80. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 70 டொலர் 21,000 ரூபாய். 2022இல் சில மாதங்களுக்குள் 200லிருந்து 360 வரைக்கும் டொலர் ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள், அந்த வருடம் புதுக் கேம் வாங்குவது என்ற பேச்சே வீட்டில் எடுக்க முடியாது. (மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் எடுத்திருந்தாலும் பயன் இல்லை.) அந்த நேரத்தில் நான் நான்கு டிஸ்க் விற்றேன், ஒரு கேஸ் சிலிண்டருக்கும் மேல் காசு வந்தது. அம்மா காப்பைக் கழற்றி அடகுக்குக் கொண்டுபோவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நகை போட்டுக்கொள்ளவும் ஆயிற்று, அவசரத்துக்கு மாற்றவும் ஆயிற்று என்பார். டிஸ்க் எனக்கு அந்த வகைச் சாமான். ஒரே டிஸ்க் கொட்டாஞ்சேனையில் தொடங்கி பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று நாலைந்து கை மாறும்போது, ஒவ்வொருவருக்கும் உண்மையான செலவு இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் நின்றுவிடுகிறது. அதே கேமை ஒன்லைன் கடையில் வாங்கினால் 21,000 போனது போனதுதான்.

தள்ளுபடி வரும், மலிவாக எடுக்கலாம் என்பீர்கள். வரும். ஸ்டீம் என்ற கணினிக் கேம் கடையில் நானும் எடுத்திருக்கிறேன், நூற்றுக்கு மேல் கிடக்கிறது, பாதியைத் திறந்தே பார்க்கவில்லை. கணினி ஆட்கள் இந்த விஷயத்தில் எப்போதோ தோற்றுவிட்டார்கள், 2004இல் ஹாஃப்-லைஃப் 2 டிஸ்க்கைப் பெட்டியோடு வாங்கினவர்களும் ஸ்டீமில் பதிந்தால்தான் விளையாடலாம் என்ற அன்றைக்கே கதை முடிந்தது. ஆனால் கொன்சோல்காரனுக்கு இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது, அந்த ஒன்லைன் கடைக்கு இலங்கை என்ற நாடே தெரியாது. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமைக் கணினியில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்க வேண்டும் என்று, பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி அறிவித்தபோது, அப்படிக் கணக்குத் திறக்கவே முடியாத 170க்கு மேற்பட்ட இடங்களில் கேம் விற்பனையிலிருந்து தூக்கப்பட்டது, அந்தப் பட்டியலில் நாங்களும் இருந்தோம். உலகம் முழுக்கச் சத்தம் போட்ட பிறகு சோனி அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து ஆச்சரியப்பட்டதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். எங்களுக்குப் பழகிய சங்கதி. என் கொன்சோல் கணக்கின்படி நான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். சித்தி வீட்டு முகவரி. சித்திக்குத் தெரியாது. இங்கத்தைய வங்கிக் கார்ட் அதில் ஏறாது, ஆகவே கனடா கிஃப்ட் கார்ட் ஒன்றை இங்கே ஒருவரிடம் கமிஷன் கொடுத்து வாங்கிப் போட வேண்டும். இந்தக் கணக்கு ஒரு நாள் முடங்கினால் யாரிடம் போய் என்ன சொல்வது, நான் உண்மையில் ஸ்காபரோக்காரன் இல்லை என்றா? டிஸ்க் ஒருபோதும் என்னிடம் முகவரி கேட்டதில்லை. பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பொதுவாக அதற்குரிய எந்தக் கொன்சோலிலும் ஓடும். மேலதிகப் பகுதிகளை ஒன்லைனில் வாங்கும்போதுதான் டிஸ்க்கின் பிராந்தியமும் கணக்கின் பிராந்தியமும் பொருந்த வேண்டும். அது தெரியாமல் டுபாயிலிருந்து வந்த டிஸ்க்குக்குக் கனடாக் கணக்கில் ஒன்று வாங்கி 20 டொலரைக் கடலில் போட்டவன் நான்தான்.

டவுன்லோட் அளவு அடுத்த தலையிடி. எங்கள் வீட்டு இணைப்பில் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று எல்லை உண்டு, அதில் பெரும்பகுதி நள்ளிரவு கடந்த பிறகுதான் பாவிக்கலாம். ஆகவே கேம் இறங்குவது எப்போதும் நித்திரையில். மேலே சொன்ன அதே ஹெல்டைவர்ஸ் 2 கணினியில் 154 ஜிபி அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் அதை 23 ஜிபிக்குக் கொண்டுவந்தார்கள். எதையும் வெட்டவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் வாசிக்கும் ஊசி அங்குமிங்கும் ஓடி நேரம் போகும் என்பதற்காக ஒரே கோப்பைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப வைத்திருந்தார்கள், அவற்றை நீக்கினார்கள், அவ்வளவுதான். நீக்கிப் பார்த்தால் லோடிங் நேரம் பெரிதாக மாறவும் இல்லை. அந்த 131 ஜிபியை வேகமான இணைப்பு உள்ளவன் கவனித்தே இருக்க மாட்டான், எங்கள் வீட்டில் அது முழு மாதத்து இன்டர்நெட், தங்கச்சியின் ஒன்லைன் வகுப்பும் சேர்த்து. இறக்கியதை வைக்கவும் இடம் வேண்டும். பிஎஸ்5இல் 825 ஜிபி என்று எழுதியிருந்தாலும் முதல் மொடலில் பாவிக்கக் கிடைப்பது 667. எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடலாம் என்று பார்த்தால், 2025 கடைசியிலிருந்து ஏஐ சேர்வர்களுக்கு நினைவகச் சிப்பெல்லாம் போய் விலை ஏறிக் கிடக்கிறது.

டிஸ்க் இருந்தாலும் தப்ப முடியாது என்பதற்கு த க்ரூ ஒரு உதாரணம். 2014இல் வந்த கார் ஓட்டும் கேம். 2024 மார்ச் 31இல் அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் சேர்வரை நிறுத்தியது, தனியாக விளையாடும் பகுதியும் அத்தோடு நின்றது, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும்தான். அதிலிருந்து கிளம்பியதுதான் யூடியூபர் ரொஸ் ஸ்கொட் தொடங்கிய “ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்”, விற்ற கேமை இப்படிச் சாகடிக்கக் கூடாது என்று கேட்கும் இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்களுடைய மனுவுக்குத் தேவையான 10 இலட்சம் கையெழுத்து என்ற எல்லையை 2025 ஜூலையில் தாண்டினார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் டிஜிட்டல் கடைகள் நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நல்லது, இனி நாம் வாங்கவில்லை என்று தெரிந்துகொண்டே காசு கொடுக்கலாம். கடைகளே மூடுவது இன்னொரு பக்கம். தன்னுடைய பழைய கொன்சோல்களான வீ யூ, 3டிஎஸ் இரண்டின் ஒன்லைன் கடையையும் நின்டென்டோ 2023 மார்ச்சில் மூடியது, மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் போனது. 2010க்கு முன்னர் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 வீதம் இன்றைக்குக் கடையில் வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது.

இனி என்ன ஆகும் என்று கேட்டால், பிஎஸ்5 ப்ரோவைப் பாருங்கள் என்பேன். 2024 நவம்பரில் 700 டொலருக்கு வந்தது, டிஸ்க் டிரைவ் இல்லை. வேண்டுமானால் தனியாக வாங்கிப் பொருத்தலாம், பொருத்தினாலும் முதல் தடவை இன்டர்நெட்டில் பதிய வேண்டும். இதே சோனிதான் 2013இல், எக்ஸ்பாக்ஸ் வன்னில் பாவித்த கேமை விற்பதற்குக் கட்டுப்பாடு வரப்போகிறது என்று மைக்ரோசொஃப்ட் சொல்லி உதை வாங்கிக்கொண்டிருந்தபோது, பிஎஸ்4இல் நண்பனுக்குக் கேம் கொடுப்பது எப்படி என்று ஒரு குட்டி வீடியோ போட்டது. ஒருவர் பெட்டியை நீட்டுவார், மற்றவர் வாங்குவார், நன்றி சொல்வார், முடிந்தது. மைக்ரோசொஃப்ட் சில நாட்களில் பின்வாங்கியது. அந்த வீடியோவை இன்றைக்கு எடுத்தால் முதலில் டிரைவை எங்கே வாங்கலாம் என்று காட்ட வேண்டியிருக்கும். என் ஊகம், அடுத்த தலைமுறைக் கொன்சோல்களில் டிரைவ் என்பது கூடுதல் காசு கொடுத்து வாங்கும் உதிரிப்பாகமாகவே இருக்கும், டிஸ்க் என்பது பொம்மையும் படப் புத்தகமும் வைத்த விலையுயர்ந்த பெட்டிக்குள் சேகரிப்பாளர்களுக்காக வரும். அந்தப் பெட்டி கொழும்புக்கு வந்து சேராது.

உண்மையில் எனக்கு டிஸ்க் மேல் காதல் கிடையாது. கை மாற்ற முடிந்தால் டிஜிட்டலே போதும், பூஞ்சணத் தொல்லையும் இல்லை. அது செய்ய முடியாத வேலையும் இல்லை. 2025 ஏப்ரலில் நின்டென்டோ “வேர்ச்சுவல் கேம் கார்ட்” கொண்டுவந்தது, டவுன்லோட் பண்ணிய கேமை குடும்பக் குழுவில் ஒருவருக்கு இரண்டு வாரம் இரவல் கொடுக்கலாம், கொடுத்திருக்கும்வரை நம்மிடம் அது ஓடாது. ஆக ஒரு கேம் ஒருவரிடம் மட்டும் இருக்கும்படி கணக்கு வைக்க அவர்களுக்குத் தெரிகிறது. குடும்பத்துக்குள் இரண்டு வாரம் முடிந்தால், தெஹிவளைக்காரருக்கு ஒரேயடியாக ஏன் முடியாது? தொழில்நுட்பம் தடுக்கவில்லை, விற்பனைப் பிரிவு தடுக்கிறது. ஸ்டீம் கேம்களை மறுவிற்பனை செய்ய விட வேண்டும் என்று 2019இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொல்லி நான் சந்தோஷப்பட்டேன், 2022இல் மேன்முறையீட்டில் அது தலைகீழாகிவிட்டது. இப்போதைக்கு ஜிஓஜி போன்ற சில ஒன்லைன் கடைகள்தான் பூட்டு இல்லாத கோப்பாகக் கேமைத் தருகின்றன. அதை எங்கு வேண்டுமானாலும் பிரதி எடுத்து வைக்கலாம், விற்க அங்கும் வழியில்லை.

அந்தப் பொடியன் செவ்வாய்க்கிழமை இரவு மெசேஜ் அனுப்பியிருந்தான். ஏற்றி முடித்துவிட்டானாம், பனிமலைக் காட்சியில் நிற்கிறானாம், அம்மா பின்னால் இருந்து குதிரைக்குக் குளிரும் என்று சொல்கிறாராம். கடைசியில், “அண்ணா இப்ப நீங்க என்ன விளையாடுறீங்க? முடிச்சா சொல்லுங்கோ, நான் எடுக்கிறன்” என்று கேட்டிருந்தான்.

நான் இப்போது விளையாடுவது போன மாதம் தள்ளுபடியில் இறக்கியது. அதைச் சொன்னேன். “ஓ அது டவுன்லோடா, அப்ப சரி அண்ணா” என்றான்.